சொல் விளக்கம்: உமிழ்நீர்க்குறி

உமிழ்நீரில் அளந்து நோயை அறிய உதவும் ‘பயோமார்க்கர்’ ஒன்றுக்கு நான் முன்வைக்கும் தமிழ்ச்சொல் இது. பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகையில் நெடுங்காலமாக நாம் பார்த்துவரும் சொல் ‘பயோரியா’. மருத்துவச் செய்திகளில் அண்மையில் வந்து அமர்ந்திருக்கும் சொல் ‘பயோமார்க்கர்’. ஈறு நோயை உமிழ்நீரைக் கொண்டு அறிவது பற்றிய கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால், இரண்டும் ஒரு தாய் மக்கள் என்றே தோன்றும். அப்படி இல்லை. தமிழில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிகளைச் சுமப்பதால் வரும் மயக்கம் அது. கிரேக்கத்தில் பயோரியாவின் ‘பயோ’ சீழைக் குறிக்கும். ‘ரியா’ என்பது ஒழுகுதல். ஈற்றிலிருந்து சீழ் வடிவதைப் பார்த்து வைத்த பெயர். பயோமார்க்கரின் ‘பயோ’வோ உயிர் என்று பொருள்படுவது.

‘மார்க்கர்’ என்பதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எல்லை, எல்லையைக் காட்டும் அடையாளம் என்று பொருள். நம் ஊர்களில் நடும் எல்லைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். மண்ணியலாரும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். பாறை எண்ணெயில் தங்கிவிட்ட, பண்டைய உயிர்களின் மூலக்கூறு எச்சங்கள் அவர்களுக்குப் பயோமார்க்கர். மருத்துவத்தில் இதற்கு வரையறை தந்தது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அமைத்த ஒரு குழு, 2001இல். உடலின் இயல்பான செயலையோ, நோயின் போக்கையோ, சிகிச்சைக்கு உடல் காட்டும் எதிர்வினையையோ சுட்டுவதாக, புறவயமாக அளந்து மதிப்பிடப்படும் பண்பு என்பது அதன் சாரம்.

‘அளந்து’ என்பதில்தான் உயிர் இருக்கிறது. அதனால் இதை ‘அறிகுறி’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. அறிகுறி நோயாளி உணர்வது, மருத்துவர் கண்ணால் காண்பது. ஈறு நோயோ பெரும்பாலும் வலியே இல்லாமல் வளரும். பல் துலக்கும்போது தூரிகையில் கொஞ்சம் இரத்தம் தெரியும். கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அறிகுறி அடங்கிக் கிடக்கிற இந்த இடத்தில்தான் அளவு பேச வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளி மனப்பாடமாகச் சொல்லும் இரத்தச் சர்க்கரை அளவும் ஒரு பயோமார்க்கர்தான்.

தமிழில் ‘உயிரியல் குறிப்பான்’, ‘உயிர்க்குறியீடு’, ‘உயிரிக்குறி’ என்று பலவும் புழங்குகின்றன. ‘உயிரி’ எனக்கு உறுத்துகிறது. நுண்ணுயிரியை நினைவூட்டி, கிருமியைத் தேடும் சோதனை என்று எண்ண வைத்துவிடும். வெறும் ‘உயிர்க்குறி’ என்றால், ஆங்கிலத்தில் ‘வைட்டல் சைன்ஸ்’ எனப்படும் நாடித்துடிப்பு, உடல்வெப்பம் போன்றவற்றோடு குழம்பும். பொதுச்சொல்லாக ‘உயிரியல் குறிப்பான்’ இருந்துவிட்டுப் போகட்டும். சற்று நீளம், ஆனால் பிழையில்லை.

குறிப்பிட்ட சோதனைகளுக்கு நம்மிடமே நல்ல அச்சு ஒன்று இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நோயறியும் எண்வகைத் தேர்வில் சிறுநீரைப் பார்ப்பதற்கு ‘நீர்க்குறி’ என்று பெயர். நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தையும் நோக்குவார்கள். அந்த நீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் பரவினால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று கொள்வது ‘நெய்க்குறி’. அந்த முறையும் இன்றைய ஆய்வகமும் வேறுவேறு. ஆனால் உடலிலிருந்து வந்த நீரில் நோயின் தடம் தேடுவதற்குக் ‘குறி’ என்ற சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆகவே உமிழ்நீரில் தேடுவது உமிழ்நீர்க்குறி.

ஏன் ‘எச்சில்’ வேண்டாம்? எச்சில், எச்சம், எஞ்சுதல் எல்லாம் ஒரே குடும்பம். மீந்தது என்பது அடிப்பொருள். எச்சில் இலை, எச்சில் பண்டம், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அதன்மேல் தீட்டும் கஞ்சத்தனமும் ஏறிவிட்டன. உமிழ்நீர் என்பது உமிழப்படும் நீர், அவ்வளவே. இதைவிட அழகாக, திருக்குறளின் காமத்துப்பால் ‘வாலெயிறு ஊறிய நீர்’ என்கிறது, வெண்பல்லிடை ஊறிய நீர். அங்கே அது பாலும் தேனும் கலந்த சுவை. பல் மருத்துவத்துக்கும் அது ஒருவகையில் பொருந்துகிறது. உமிழ்நீரின் பெரும்பகுதி சுரப்பிகளிலிருந்து வருவது. ஆனால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளத்திலிருந்தும் ஒரு நீர் ஊறி அதில் கலக்கிறது. ஈறு அழன்றால் அந்த ஊற்று பெருகும்.

குறி வருவது அந்த ஊற்றோடுதான். பல்மேல் படியும் பற்படலத்தில் குடியேறிய பாக்டீரியாவை எதிர்க்க நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஈற்றுக்கு விரைகின்றன. அவை வெளியிடும் நொதிகளில் ஒன்று எம்.எம்.பி-8. பல்லைத் தாடை எலும்போடு கட்டியிருக்கும் கொலாஜன் நார்களை வெட்டுவது அது. காவலுக்கு வந்தவன் கத்தியாலேயே வீட்டுக் கயிறு அறுபடுகிறது. வெட்டும் நிலையிலுள்ள இந்த நொதியைக் காட்டும் விரைவுச் சோதனையின் பின்னால், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ சோர்சாவும் அவருடைய குழுவினரும் நெடுங்காலமாகச் செய்த ஆய்வு இருக்கிறது. வாயை முதலில் ஒருமுறை வெறும் நீரால் அலசித் துப்பிவிட வேண்டும். சிறிது இடைவெளிக்குப் பின் 5 மில்லிலிட்டர் தூய நீரை 30 விநாடி வாயில் வைத்துக் கொப்பளித்துக் கோப்பையில் உமிழ வேண்டும். அதைச் சோதனைப் பட்டையில் இட்டால் சில நிமிடங்களில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் அளவு குறைவு; இரண்டு கோடு என்றால் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல். கோவிட் காலத்து வீட்டுச் சோதனையை நினைவுபடுத்தும் ஏற்பாடு.

ஈறு மருத்துவரின் பழைய கருவி, மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பி. அதை ஈறோரத்தில் இறக்கினால் 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் பொதுவாகக் கவலையில்லை. 4, 5 என்று ஆழ்ந்தால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பைபோல் பள்ளம் விழுந்திருக்கிறது. ஆனால் கம்பியும் எக்ஸ்ரேயும் காட்டுவது நடந்து முடிந்த சேதத்தை. இப்போதும் சேதம் நடந்துகொண்டிருக்கிறதா என்பதற்கு உமிழ்நீர்க்குறி ஒரு துப்பு தரும். இதனால்தான் 2018இல் வெளியான ஈறு நோய் வகைப்பாடு, நோயின் வேகத்தைத் தரம் பிரிக்கும்போது இத்தகைய குறிப்பான்களுக்கு எதிர்காலத்தில் இடம் உண்டு என்று கதவைத் திறந்து வைத்தது.

துப்புதான், தீர்ப்பு அல்ல. உமிழ்நீர் வாய் முழுவதற்கும் பொது. வேறு அழற்சியும் புகைப்பழக்கமும் அதன் அளவுகளைக் கலைக்கக்கூடும். எந்தப் பல் என்று கேட்டால் கோப்பையில் உமிழ்ந்த நீரால் சொல்ல முடியாது. அதற்கு அந்தக் கோடிட்ட கம்பி, ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மறுபடி இறங்கத்தான் வேண்டும்.