வெப்பப் படத்தில் சிவப்பு இல்லையென்றால் நோய் இல்லையா?

உறவினர் ஒருவர் தம் மார்பகத்தின் வெப்பப் பட அறிக்கையை என்னிடம் காட்டி, "எங்கும் சிவப்பே இல்லை, இனி மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே தேவையில்லை அல்லவா?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன். உலோகத்தில் துல்லியமாகத் துளையிடும்போது எழும் வெப்பத்தை, இத்தகைய படம் எடுக்கும் தெர்மல் கேமராவால் அளக்கும் ஆய்வாளன். சூட்டை நிறங்களாகக் காட்டும் கருவி அது. அந்தக் கேமரா எங்கே ஏமாற்றும் என்பதை நன்றாக அறிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை, எச்7 என்னும் துல்லியத் தரத்தின்படி அதைவிட 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை மட்டுமே பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது. அலுமினியத் துண்டின் வெப்பநிலை 50 டிகிரி உயர்ந்தால் துளை ஏறத்தாழ 9 மைக்ரான் விரிந்துவிடும் என்பதால், சூட்டோடு அளந்து சரியென்று வைத்த துளை, ஆறிய பின் அளவு குறைந்து நிற்கக்கூடும். எனவே வெப்பநிலையைக் கவனமாக அளக்கிறோம். ஒருமுறை, அப்போதுதான் துளையிட்டு முடித்த டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டு, கேமராவில் குளிர்ந்தே தெரிந்தது. நான் குனிந்தபோது அதன்மேல் வெளிறிய திட்டு ஒன்றும் கூடவே நகர்ந்தது. அது என் முகத்தின் வெப்பம். பளபளப்பான உலோகம் தன் சூட்டுக்குரிய அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே உமிழ்ந்து, சுற்றியுள்ளவற்றின் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசிய பிறகே உண்மையான சூடு தெரிந்தது.

தோலில் இந்தச் சிக்கல் இல்லை. அது எந்த நிறமாயினும் அதன் உமிழ்திறன், அதாவது தன் சூட்டுக்குரிய கதிரை உமிழும் திறன், முழு அளவான 1-க்கு மிக நெருங்கி ஏறத்தாழ 0.98. ஆனால் வியர்வை, களிம்பு, வெயிலில் நடந்து வந்த சூடு ஆகிய யாவும் படத்தில் ஏறிவிடும். அதனால்தான், சீரான வெப்பநிலையுள்ள அறையில் கால் மணி நேரமாவது அமர வைத்த பிறகு படம் எடுக்கிறார்கள். கேமராக்கள் பலவற்றில் பிழை 2 டிகிரி வரை இருக்கலாம் என்றாலும், ஒரே படத்தில் இரு பக்கங்களை ஒப்பிடுவது பயன் தரும். நீரிழிவு நோயாளியின் இரு பாதங்களுக்கிடையே 2.2 டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாடு நீடித்தால், அதைப் புண் வருவதற்கான எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள்.

மார்பகம் வேறு. கேமரா காண்பது தோலின் மேற்பரப்பை மட்டுமே. மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய, மேமோகிராமில் தெரியும் நுண்ணிய கால்சியத் துகள்கள் இதில் தெரியா. மேமோகிராமுக்குப் பதிலாக வெப்பப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்திருக்கிறது.

என்னிடமிருந்த வேறொரு படத்தைக் கணினியில் திறந்து, எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்று வகுக்கும் நிற அளவின் எல்லையை மட்டும் மாற்றி உறவினருக்குக் காட்டினேன். நீலமாக இருந்த அதே தோல் சிவந்தது. அவருடைய அறிக்கையில் அந்த எல்லையும் இல்லை, அறையின் வெப்பநிலையும் இல்லை. மறுநாளே மேமோகிராமுக்கு நேரம் வாங்கிவிட்டார்.