குந்த முடியாத பனைமரம்

தை பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். பின்னாலேயே முன்பள்ளிகளின் விளையாட்டு விழாக்கள். எல்லாவற்றிலும் கடைசிக்குக் கிட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கும்: வினோத உடை. "அன்ரி, நாளைக்குப் போட்டி. பிள்ளைக்குப் போட ஏதாவது கிடக்கோ?" என்று முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் கேட்பார்கள். கோண்டாவிலில் தையல் கடையோடு சேர்த்து நாடக உடைகளும் விழா உடைகளும் வாடகைக்குக் கொடுக்கிறேன். இருபது வருடமாக அந்த "ஏதாவது" என்ற சொல்லோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பனைமரமாக்கித் தரச் சொன்னார் அவனுடைய தாய். பிறிஸ்டல் போட்டைச் சுருட்டி அடிமரம், கழுத்தைச் சுற்றி ஓலை, நெஞ்சில் ரெஜிபோமில் செதுக்கிய நுங்குக் குலை. கடையில் நிற்க வைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் பிரதம விருந்தினர் பிந்திவிட்டார். அணிநடை முடிந்து, ஓட்டங்கள் முடிந்து, பேச்சும் முடியும்வரை பனைமரம் வெயிலில் நின்றது. அடிமரம் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்ததால் பிள்ளையால் குந்த முடியவில்லை. ஒண்டுக்குப் போகவேண்டும் என்றான். பின்பக்கத்தை நான் ஸ்ரேப்ளர் அடித்து மூடியிருந்தேன். போதாததற்கு, அழகு காணாதென்று வீட்டில் யாரோ இரண்டு மட்டையைக் கருக்குச் சீவாமல் செருகிவிட, அது கழுத்தில் கீறியிருந்தது. முதற்பரிசு அவனுக்குத்தான். பரிசு வாங்கும் படத்தில் அழுதுகொண்டு நிற்கிறான்.

அன்றிலிருந்து என் கடையில் அளவு எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. இந்த உடையோடு பிள்ளை என்ன செய்யப் போகிறது?

கேள்வி சின்னதுதான், ஆனால் வேலை செய்யும். ஒரு சிறுமிக்கு மயில் உடை கேட்டு வந்தார்கள். மயில் என்ன செய்யும் என்று கேட்டால் தாய்க்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை. "உனக்கு ஆரைப்போல கதைக்க விருப்பம்?" என்று கேட்டேன். தன் வீட்டுக்கு முன்னால் மாம்பழம் விற்றுவரும் ஆச்சியைச் சொன்னாள். சரி என்று பழைய பருத்திச் சேலை ஒன்றைக் குறுக்குக்கட்டாகக் கட்டி, வெள்ளைப் பஞ்சில் கொண்டை வைத்து, ஒரு சின்னக் கடகத்தில் நாலு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போட்டுக் கொடுத்தேன். மைதானத்தில் அவள் நேரே நடுவர்களிடம் போய் விலை சொல்லியிருக்கிறாள். அதிபர் பேரம் பேச, "உந்த விலைக்கு விளாட்டுத்தான் வரும்" என்று கடகத்தை இழுத்துக்கொண்டாளாம். விளாட்டு இன்னொரு இன மாம்பழம். அந்தக் கடகம்தான் உடை. மீதியெல்லாம் அவளுடைய தலைக்குள் இருந்து வந்தது.

பழைய மேடைக்காரருக்கு இது தெரிந்த சங்கதி. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட நாடகம் அரிச்சந்திர மயான காண்டம். அரசன் சுடலை காத்து நிற்கும் கட்டம் அது. முடியும் பட்டும் போனபிறகுதான் அந்தப் பாத்திரம் சபையைப் பிடிக்கிறது.

பெரியவர்களின் விழாக்களுக்கும் இதே கதைதான். இப்போது "தீம்" வைக்கும் பழக்கம் நன்றாகப் பரவிவிட்டது. பெரும்பாலும் எல்லாரும் ஒரே நிறம் என்பதோடு அது முடிந்துவிடும். என் கணக்கில் அது சீருடை. ஒரு ஆவணி மாதம், கனடாவிலிருந்து வந்த குடும்பமொன்று தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் மயில்நீலத்தில் தைக்கக் கேட்டது. தாத்தா என்ன வேலை பார்த்தவர் என்று விசாரித்தேன். கொழும்பில் கிளாக்கர், விடுமுறைக்கு யாழ்தேவி ரயிலில் ஊருக்கு வருபவர். பிறகென்ன? 1956 இல் ஓடத் தொடங்கி, போரால் 1990 இல் நின்று, 2014 ஒக்ரோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கோச்சி அது. வருகிற எல்லாரும் அதன் பயணிகள் என்று முடிவானது. அழைப்பிதழ் பழைய மட்டை ரிக்கெற் அளவில். ஒருவர் குடையும் தோல் பையுமாகக் கந்தோர்க்காரர். ஒருவர் எழுபதுகளின் பெல்பொட்டம். ஒரு மாமி கொய்யகம் வைத்துச் சேலை கட்டி, கையில் சாப்பாட்டுப் பார்சல். என்னிடம் வாடகைக்குப் போனது இரண்டு தொப்பியும் ஒரு பச்சைக் கொடியும் மட்டும். வியாபாரத்துக்கு நட்டம்தான். பேரன் தொப்பி போட்டுக்கொண்டு வந்து ரிக்கெற் கேட்டபோது, தாத்தா சட்டைப் பையைத் தொட்டு "வொறன்ற், தம்பி" என்றாராம். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைத்த இலவசப் பயணச் சீட்டு அது. பேரனுக்கு விளங்கவில்லை. அதை விளங்கப்படுத்தத் தொடங்கியவர் சாப்பாடு ஆறும்வரை நிறுத்தவில்லை.

சில வேடங்களுக்கு நான் உடை கொடுப்பதில்லை. விசரன் வேடம், பிச்சைக்காரர் வேடம், யாரையாவது இழிவாகக் காட்டக் கரி பூசுவது. சிரிப்பு வரும், உண்மைதான், ஆனால் அந்தச் சபையிலேயே அப்படியொருவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் தாயும் இருப்பார். இராணுவ உடையும் துப்பாக்கியும் கிடையாது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உடம்பு. மாசி, பங்குனி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு சற்றின் துணியும் ஸ்பொஞ்சும் போட்ட பிள்ளைக்கு வியர்வை காயாது, உடல் சூடு வெளியேறாது. உள்ளே பருத்திப் பெனியன் போடுங்கள். உடையின் மேல்பாகத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மாட்டுங்கள். தலையிடி, சத்தி, தலைச்சுற்று என்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடையைக் கழற்றி, நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பிள்ளை மயங்கினாலோ குழப்பமாகக் கதைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும்; படி ஏறும் பிள்ளைக்கு அது ஆபத்து. முகத்திலேயே வரைந்துவிடலாம்.

வரைகிறோம் என்று போஸ்ரர் கலர் பூசாதீர்கள். மேடைப் பூச்சுக்கு நாம் சொல்லும் அரிதாரம் என்ற பெயரே ஆசனிக் நஞ்சு கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். சிவப்புக்குப் பூசிய சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். அந்தக் காலத்து நடிகர்கள் முகத்தில் எதைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள் என்று நினைத்தால் எனக்குத் தோல் கூசும். இன்றைய முகப்பூச்சையும் முதல்நாளே முழங்கை மடிப்பில் சிறிது பூசிப் பாருங்கள். கைவேலைக்கு விற்கும் மினுக்கத்தூள் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறும். மின்னும் லைற் தைத்த உடையில் பட்டன் பற்றரி இருந்தால் அதன் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். ஒரு குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

எனக்கு அதிகம் பயம் நெருப்பில்தான். நத்தார் ஒளிவிழாவில் மெழுகுதிரி பிடிக்கும் தேவதைகள், கலைமகள் விழாவில் குத்துவிளக்கைச் சுற்றி ஆடும் பிள்ளைகள், எல்லாருக்கும் நைலோன் வலைத்துணி. அது பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். 2014 இல் இங்கிலாந்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரின் எட்டு வயது மகளின் ஹலோவீன் உடை மெழுகுதிரியில் பட்டு எரிந்த பிறகுதான் அங்கேயே கடைகள் இதைப்பற்றி யோசிக்கத் தொடங்கின. நான் தைக்கும் தேவதைக்கு மேலே சிறகு, கையில் பற்றரி மெழுகுதிரி. மீறிப் பற்றினால் பிள்ளையை ஓடவிடாமல் நிலத்தில் உருட்டுங்கள். பிறகு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம். பற்பசையும் எண்ணெயும் கிட்டவே வரக்கூடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு அழைப்பு. நாளைக்கு ஆந்தை வேண்டுமாம்.

"ஆந்தை என்ன செய்யப்போகுது, தங்கச்சி?" என்றேன்.

தாய் கொஞ்சம் யோசித்தார். பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "போட்டி பின்னேரம் தானே அம்மா. ஆந்தை அப்ப நித்திரை."

இரண்டு சிறகையும் எடுத்து வைத்துவிட்டு, இப்போது ஒரு சின்னத் தலையணை தேடிக்கொண்டிருக்கிறேன்.