வண்டி முன்பே புறப்பட்டுவிட்டது: 108 அழைப்பின் மறுமுனை

108-ஐ அழைப்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, “கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, முதல்ல வண்டிய அனுப்புங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். உயிருக்குப் போராடும் ஒருவரின் அருகில் நிற்பவருக்கு வயதையும் மூச்சையும் பற்றிய கேள்விகள் காலவிரயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு தவறான கற்பனை இருக்கிறது: கேள்வி கேட்பவரே வண்டியையும் அனுப்புகிறார், அதுவும் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகே அனுப்புகிறார் என்பது. பெரிய அவசர அழைப்பு மையங்களில் அழைப்பை ஏற்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் வேறொருவர். முதலாமவர் இடத்தையும் நடந்தது என்ன என்பதையும் தட்டச்சு செய்தவுடன் அந்தப் பதிவு இரண்டாமவரின் திரையில் தோன்றிவிடும். அவர் ஏற்ற வண்டியைத் தேடி அதன் ஓட்டுநருக்கு (108 ஊழியர்கள் அவரைப் ‘பைலட்’ என்பார்கள்) தகவல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாமவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். எஞ்சிய கேள்விகளால் வண்டி தாமதமாவதில்லை. அது வந்து சேரும்வரையிலான நிமிடங்களில் என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்யவே அவை கேட்கப்படுகின்றன.

ஆகவே முதல் கேள்வி எப்போதும் இடத்தைப் பற்றியது. நோய் என்னவென்று தெரியாமலும் வண்டியை அனுப்பிவிடலாம். இடம் தெரியாமல் எதையும் அனுப்ப முடியாது. பேச்சுக்கு நடுவே இணைப்பு அறுந்துபோனாலும் இடம் கைவசம் இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 சேவையின் அழைப்புகள் சென்னையிலுள்ள மையத்துக்குப் போகின்றன என்பதால், இந்த முதல் கேள்வியே அங்கு கடினமானதாகிவிடுகிறது. மாதிரிக்கு ஓர் உரையாடல்:

“ஊர் பேரு சொல்லுங்கம்மா.”

“புதூருங்க, சீக்கிரம் வாங்க.”

“எந்தப் புதூரும்மா?”

“அதாங்க, மாரியம்மன் கோயில் இருக்குல்ல, அந்தப் புதூரு.”

தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள், எத்தனை மேட்டுப்பட்டிகள், அவற்றில் எத்தனை மாரியம்மன் கோயில்கள் என்று எண்ணிப் பார்த்தால் அழைப்பை ஏற்றவரின் நிலை விளங்கும். மாவட்டம், தாலுகா என்ற ஆட்சிப் பிரிவுகள் பதற்றத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் பக்கத்திலுள்ள பெரிய ஊர் எது, எந்த ஊருக்குப் பஸ் ஏறுவீர்கள் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். அதற்கும் அடுத்த படியில் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, ஈபி டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை வருகின்றன. நெடுஞ்சாலை விபத்து என்றால் மைல்கல் உதவும். அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அதில் எழுதியிருக்கும் ஊரும் கிலோமீட்டரும் சேர்ந்தால் அந்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும்.

கைப்பேசிதான் நாம் இருக்கும் இடத்தை அறியுமே, அதைக் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். கைப்பேசிக்குத் தெரிந்ததும் தொலைபேசி வலையமைப்புக்குத் தெரிந்ததும் ஒன்றல்ல. வலையமைப்புக்கு உறுதியாகத் தெரிந்தது, அழைப்பு எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்து ஆன்டெனா வழியாக வந்தது என்பது மட்டுமே. நகரத்தில் அது சில தெருக்களைக் குறிக்கலாம். கோபுரங்கள் தூரந்தூரமாக நிற்கும் நாட்டுப்புறத்தில் பல கிலோமீட்டர் நீளும் ஒரு விசிறி வடிவப் பரப்பைக் குறிக்கும். ரேடியோ அலை கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே போய்வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்றாலும், மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டர் பாயும் அந்த அலையைப் பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பு ஏறத்தாழ 550 மீட்டர் படிகளில்தான் அளக்கும். நான்காம் தலைமுறையில் அந்தப் படி 78 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. இந்த இடைவெளியை நிரப்பவே 2014-இல் பிரிட்டனில் ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. அவசர எண் அழுத்தப்பட்டதைக் கைப்பேசியே உணர்ந்து, தன் ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் தானாக இயக்கி, கிடைத்த இருப்பிடத்தை ஒரு குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும். அழைத்தவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. கூகுள் 2016-இலும் ஆப்பிள் 2018-இலும் இதைத் தங்கள் கைப்பேசிகளில் சேர்த்துக்கொண்டன. ஆனால் கைப்பேசி அனுப்பத் தயாராக இருப்பது போதாது, பெற்றுக்கொள்ளும் மையத்திலும் அதற்குரிய ஏற்பாடு இருந்தாக வேண்டும். அது இருக்கும் இடத்திலும் எத்தனையாவது மாடி என்பதை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடம் பதிவானதும் அடுத்த கேள்விகள் தொடங்குகின்றன. அழைப்பை ஏற்பவர் இவற்றைத் தம் விருப்பப்படி கேட்பதில்லை. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும், வண்டி வரும்வரை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதை அட்டைகளில் எழுதி அழைப்பு ஏற்பவர்களிடம் கொடுத்தார். அந்த அட்டைகளின் வழிவந்த கேள்வி நிரல்களே இன்று பல நாடுகளில் கணினித் திரையில் ஓடுகின்றன. மனிதருக்கு மனிதர் கேள்வி மாறினால் ஒரே நோயாளி ஒருவரிடம் அவசரமாகவும் மற்றொருவரிடம் சாதாரணமாகவும் பதிவாவார். எழுதிவைத்ததைப் படிப்பதற்கு ஒரு மனிதர் எதற்கு என்று கேட்போர் உண்டு. பதில் கேள்வியில் இல்லை, பதிலைக் கேட்கும் காதில் இருக்கிறது.

அந்தக் காதுக்கு வரும் மிகக் கடினமான சோதனை மூச்சு. ஒருவருடைய இதயம் நின்றுவிட்டதா என்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும்: கூப்பிட்டால் விழிக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா. இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். சிக்கல் இரண்டாம் கேள்வியில்தான். இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கு மூச்சு இழுக்கும் அனிச்சையை நடத்திக்கொண்டிருக்கும். வாய் மீனைப் போலத் திறந்து மூடும், ஓர் இழுப்பு வரும், நெடுநேரம் ஒன்றுமிருக்காது, மறுபடியும் ஓர் இழுப்பு. மருத்துவர்கள் இதை அகோனல் மூச்சு என்பார்கள். திடீரென இதயம் நிற்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. நம் கிராமங்களில் இதைப் பார்த்த பெரியவர்கள் ‘சேடம் இழுக்குது’ என்று சரியாகவே பெயர் வைத்தார்கள். ஆனால் தொலைபேசியில் மகன் அப்படிச் சொல்வதில்லை. “மூச்சு இருக்குங்க, இழுத்து இழுத்து விடுறாரு” என்றுதான் சொல்வான். ‘இருக்கு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார்.

மூச்சொலியைத் தொலைபேசியில் நேரடியாகக் கேட்கவும் முடிவதில்லை. பழைய தொலைபேசி வழி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்தியது. இன்றைய கைப்பேசியோ பேச்சல்லாத ஓசையை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும் இயல்புடையது. எனவே ஏற்பவர் வேறொரு வழியைக் கையாள்கிறார். “அவரோட நெஞ்சையே பாருங்க. மூச்சு இழுக்கும்போதெல்லாம் ‘இப்போ’ன்னு சொல்லுங்க” என்கிறார். ஓய்வில் இருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்பதால், ‘இப்போ’க்கள் மூன்று முதல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை சீராக வர வேண்டும். முதல் ‘இப்போ’ வந்த பிறகு கடிகார முள் நகர்ந்துகொண்டே இருந்து, அடுத்த ‘இப்போ’ வராமலிருந்தால், இதயம் நின்றுவிட்டது. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர், ஸ்டெதஸ்கோப் இல்லாமல், அருகில் நிற்பவரின் கண்ணை இரவல் வாங்கிச் செய்யும் பரிசோதனை இது.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் நேரும். இதயம் நின்ற முதல் சில விநாடிகளில் மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் கைகால்கள் வெட்டி இழுக்கக்கூடும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று முடிவுகட்டி இரும்புச் சாவியைத் தேட ஓடுவார்கள். சாவி உண்மையான வலிப்புக்கும் பயன்படாது என்பது ஒருபுறமிருக்க, சிபிஆர் (நின்ற இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பதால், சாவி தேடும் இரண்டு நிமிடத்தின் விலை மிகப் பெரிது.

முடிவுக்கு வந்ததும் ஏற்பவர் கேள்வியை விட்டுக் கட்டளைக்கு மாறுகிறார். தொலைபேசி வழியே சிபிஆர் சொல்லிக்கொடுக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டியில் முறையாக வளர்த்தெடுத்தார்கள். நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வது முதல் கட்டளை. மெத்தையின் மேலோ கயிற்றுக்கட்டிலின் மேலோ அழுத்தினால் நெஞ்சுக்குப் பதில் கட்டில்தான் அமுங்கும். மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கும் இதயம் பிழியப்பட்டால்தான் ரத்தம் மூளைக்கு ஏறும். நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையும் அதன் மேல் மற்றொன்றும் வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். நன்றாகச் செய்தாலும் இதயத்தின் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதயத்தை மறுபடி ஓட்டும் மின் அதிர்ச்சி வந்து சேரும்வரை மூளையைக் காப்பாற்றி வைக்க அந்தப் பங்கே பெரிதும் உதவுகிறது.

வேகத்தை எப்படிக் காப்பது? ஏற்பவர் உரக்க எண்ணுகிறார், அழுத்துபவரையும் கூடவே எண்ணச் சொல்கிறார். விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு எண் வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏட்டுத் தமிழில் எண்ணினால் நாக்கு இடறும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்ற பேச்சுத் தமிழ் இந்தத் தாளத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. எண்ணும் குரல் தளர்ந்தால் கை தளர்ந்துவிட்டது என்பதும் மறுமுனைக்குத் தெரிந்துவிடும். பலசாலிக்கும் இரண்டு நிமிடத்தில் ஆழம் குறையத் தொடங்கும் என்பதால், வீட்டில் வேறு யாராவது இருந்தால் மாற்றிவிடச் சொல்வார்கள்.

அழுதுகொண்டே “எனக்குத் தெரியாதுங்க, பயமா இருக்குங்க” என்பவரிடம் இவற்றையெல்லாம் எப்படிச் செய்யவைப்பது? இதற்கும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே வாக்கியத்தை, சொல் மாறாமல், குரலும் உயராமல், காரணத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: “அப்பாவக் காப்பாத்தணும்னா நீங்க கைய நெஞ்சுல வைக்கணும்மா.” சொற்களை மாற்றினால் கலங்கியிருக்கும் மனம் ஒவ்வொன்றையும் புதிய செய்தியாகப் புரிந்துகொள்ள முயன்று இன்னும் கலங்கும். மாறாத வாக்கியமோ மூன்றாம் முறையோ நான்காம் முறையோ உள்ளே இறங்கிவிடுகிறது.

இதற்குள் அடுத்த மேசையில் வண்டி தேர்வாகியிருக்கும். அருகிலுள்ள வண்டி என்றால் நேர்கோட்டில் அருகிலுள்ளது என்று பொருளில்லை. காவிரியின் எதிர்க்கரையில் ஒரு கிலோமீட்டரில் நிற்கும் வண்டி, பாலத்தைச் சுற்றி வருவதற்குள் பத்து கிலோமீட்டர் தள்ளியிருப்பது வந்துவிடலாம்.

கடைசியாக, மையத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கேள்வி. 1935 நவம்பரில் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியபோது, பக்கத்து வீட்டுக்காரர் செய்த அழைப்பு தொலைபேசி நிலையத்தின் வரிசையில் காத்துக்கிடந்தது. ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தின் விளைவுகளில் ஒன்றாக, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற தனி எண் பிறந்தது. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் தொலைபேசி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஊதுகுழல் அலறியது. ஆனால் அவசர அழைப்புகளே ஒன்றின் பின் ஒன்றாகக் காத்திருக்க நேர்ந்தால் தனி எண்ணும் உதவாது. இதற்கான கணக்கை டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போட்டுவைத்தார். மணிக்கு 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று நிமிடம் என்று கொள்வோம். மொத்தம் 180 நிமிட வேலை. மூன்று பேர் போதும் என்று தோன்றும். அழைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வராமல் கொத்துக்கொத்தாக வருவதால் மூவர் இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். நால்வர் இருந்தாலும் அழைப்பவர்களில் பாதிப்பேர் காத்திருக்க நேரும். ஆறு பேர் இருந்தால் பத்தில் ஒருவரும், எட்டுப் பேர் இருந்தால் நூறில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும் காத்திருப்பார்கள். எட்டுப் பேர் இருக்கும் அந்த அறையில் எந்த நேரமும் சராசரியாக ஐந்து பேர் சும்மா இருப்பார்கள். தணிக்கை செய்ய வருபவரின் கண்ணுக்கு அது வீண்செலவாகத் தெரியலாம்.

ஆறு பேர் இருக்கும் மையத்தையே மறுபடி எடுத்துக்கொள்வோம். சட்டைப்பையில் தானாக அழுந்திய அழைப்புகளும், குழந்தை கையில் கிடைத்த கைப்பேசியிலிருந்து வருபவையும், விளையாட்டுக்குச் செய்பவையுமாக மணிக்கு மேலும் 60 அழைப்புகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதாகவும் வைத்துக்கொண்டால், கூடிய வேலை அரை மணி நேரம்தான். ஆனால் எர்லாங்கின் கணக்குப்படி, நூறு பேரில் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்திலிருந்து பதினெட்டாகிவிடும்.