நடவு நாளில் இன்சுலின்: நண்பகலில் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

இன்சுலின் போட்டுக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்குப் பகல் 12 மணிவாக்கில் கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டுவதுண்டு. வெயில் மயக்கம் என்று உப்பு மோரைக் குடித்துவிட்டு மறுபடி வயலில் இறங்கிவிடுவார்கள். பல நேரம் அது காலையில் போட்ட ஊசியின் வேலை.

பலர் போடுவது 30/70 கலவை. அதில் 30 பங்கு ரெகுலர் இன்சுலின். அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். மீதி 70 பங்கு என்.பி.எச். என்ற மெல்ல வேலை செய்யும் இன்சுலின். அது புரோட்டமின் என்ற புரதத்தோடு சேர்ந்திருப்பதால் தோலுக்கடியில் மெல்லக் கரையும்; அதன் உச்சம் 4 மணி நேரத்துக்குப் பிறகுதான். ஆக, காலை 7.30-க்குப் போட்ட ஊசியிலேயே மதியச் சோற்றுக்கான இன்சுலினும் உள்ளே போய்விட்டது. சோறு 2.30-க்குத் தள்ளிப்போனாலும் அது காத்திருக்காது. போதாததற்கு, குனிந்து நிமிர்ந்து உழைக்கும் தசை, இன்சுலின் உதவியில்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். தொடையில் ஊசி போட்டிருந்தால் அங்கே ரத்தஓட்டம் கூடி மருந்தும் விரைவாக ஏறும். வேலை நாளில் வயிறே நல்லது. தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தினமும் இடம் மாற்றி.

வெறும் நீராகாரம் காலைச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. சட்டியின் அடியிலுள்ள பழைய சோறும் வேண்டும். 11 மணிக்கு ஒரு பூவன் பழமோ கைப்பிடிச் சுண்டலோ. வேலை நாளில் எத்தனை யூனிட் குறைப்பது என்பதை மேட்டூரில் தண்ணீர் திறந்ததுமே, குறுவை நடவுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும். ஊசியையே விட்டுவிடுவது வேறு ஆபத்து.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த 4 தேக்கரண்டிச் சர்க்கரை. பரிசோதிக்கக் கருவி இல்லையா? நடுக்கம் வந்தாலே குடித்துவிடலாம். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சோறு. திருவையாற்று அசோகா அல்வா இதற்கு உதவாது. சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை அதிலுள்ள நெய் தாமதமாக்கும். குளுக்கோஸ் பொட்டலம் மடியில் இருக்கட்டும், வரப்பில் கிடக்கும் பையில் வேண்டாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

உழைத்த தசை இரவிலும் குளுக்கோஸைச் சேமித்துக்கொண்டிருக்கும். படுக்குமுன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும்.

கலவை மருந்தைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்ட வேண்டும்; அடியில் தங்கிய என்.பி.எச். கலக்காவிட்டால் ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு அளவாகிவிடும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா மருந்தில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பிரித்த குப்பியை ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கலாம், சுமார் 4 வாரம் வரை. பைக் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் மருந்து கெட்டுவிடக்கூடும்.