சேர்மானம்: ‘அடிட்டிவ்’ என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

மதுரை கோரிப்பாளையம் பக்கம் நான் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் போன மாதம் என் பைக்கின் இஞ்சின் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். மெக்கானிக் தம்பி, சிலிண்டருக்குள் பெட்ரோல் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தண்டு பளபளவென்று இருந்தது. குடை மாதிரி விரிந்த அடிப்பாகத்தின் முதுகில் மட்டும் கரி, அடிப்பிடித்த பணியாரச் சட்டி போலக் கெட்டியாக. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. “பெட்ரோல்ல என்னத்தையோ கலக்குறாய்ங்கண்ணே, அதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அடிட்டிவ் பாட்டில் ஒண்ணு இருக்குண்ணே, டேங்க்குல கலந்து விட்ருவோமா?” என்றும் கேட்டார்.

நோய்க்கும் ‘கலக்குறது’, மருந்துக்கும் ‘கலக்குறது’. அரசாங்கம் எத்தனால் சேர்ப்பதற்கும் அதே ‘கலக்குறது’தான். மூன்றும் வேறு வேறு காரியங்கள். ஒரே வினைச்சொல்லில் மூன்றையும் கட்டிப் போட்டுவிட்டு, பெட்ரோல் இஞ்சினைக் கெடுக்குமா கெடுக்காதா என்று கேட்டால் பதில் எப்படிக் கிடைக்கும்? ஆகவே முதலில் சொற்களைப் பிரித்து வைப்போம்.

‘அடிட்டிவ்’ என்பதன் வேர் லத்தீன். ‘அட்’ என்றால் நோக்கி, ‘தாரே’ என்றால் கொடுப்பது. இரண்டும் சேர்ந்து ‘அத்தேரே’, கூடச் சேர்ப்பது. தமிழில் இதற்குக் கூட்டுப்பொருள், சேர்பொருள், சேர்க்கைப் பொருள் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் நான் தேர்ந்தெடுப்பது சேர்மானம் என்ற சொல்லை. சேர் என்ற வினையோடு ‘மானம்’ என்ற விகுதி. கட்டு – கட்டுமானம், செரி – செரிமானம், பிடி – பிடிமானம், தேய் – தேய்மானம். அந்த வரிசையில் சேர் – சேர்மானம். தேய்மானத்தைக் குறைக்கப் போடுவது சேர்மானம் என்று சொல்லும்போது இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு காரணம், இந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் லேகியத்துக்குச் சேர்மானம் என்ன என்று கேட்டால் விவரம் சொல்வார்கள். அதில் ஒரு பொருள் மறைந்திருக்கிறது: இன்ன காரியத்துக்காக, இன்ன அளவில், தெரிந்தே சேர்ப்பது. 1636-ல் கட்டிய நம்ம திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் கை வைத்துப் பாருங்கள். அந்த வழுவழுப்பு, சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசியதால் வந்தது. வெண்கரு அங்கே கலப்படம் என்று யாராவது சொல்வார்களா? அது சேர்மானம்.

கலப்படம் என்பதற்குக் ‘கல’ என்ற வினைதான் அடி. கலவை, கலப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். கலவை என்ற சொல்லில் குற்றம் இல்லை. கலப்படத்தில் இருக்கிறது, வாங்குகிறவருக்குத் தெரியாமல், மலிவானதை விலை உயர்ந்ததோடு சேர்ப்பது. பெட்ரோலில் இதற்குப் பழைய உதாரணம் மண்ணெண்ணெய், நம் வீடுகளில் கிருஷ்ணாயில். கிரோசின் ஆயில்தான் நம் வாயில் கிருஷ்ணாயில் ஆனது. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் போட்டதே இப்படித் திருட்டுத்தனமாகப் போய்ச் சேர்வதைக் கண்டுபிடிக்கத்தான்.

இஞ்சினுக்கு இது செய்யும் கேடு சாதாரணமானது கிடையாது. மண்ணெண்ணெய் பெட்ரோல் போலச் சட்டென்று ஆவியாகாது. பாதி எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலையே நீர்க்கச் செய்துவிடும். அப்புறம் உலோகத்தோடு உலோகம் உரசும். கூடவே ஆக்டேன் எண்ணும், அதாவது ‘நாக்கிங்’கைத் தாங்கும் திறனும், இறங்கும். சிலிண்டருக்குள் தீ முறையாகப் பரவுவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடிப்பதுதான் ‘நாக்கிங்’. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும்போது, டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல இஞ்சினுக்குள் சத்தம் கேட்டால் அதுதான். தொடர்ந்து விட்டால் பிஸ்டனும் பேரிங்கும் அடிவாங்கும்.

சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுப்பது அவர்கள் கடமை. நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் காய்ந்து போகும். மெல்லிய இளஞ்சிவப்பு நிழல் தங்கினால் பயப்பட வேண்டாம், அது சாயம். கருத்த கறை நின்றால் விடாதீர்கள், அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எத்தனால் விஷயம் வேறு. சட்டப்படி, சொல்லிவிட்டுச் செய்வது. 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. இதற்கு எத்தனால் கலவை என்பதே சரியான பெயர். எத்தனாலின் ஆக்டேன் உயர்வு, ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஈரத்தையும் இழுக்கும். இதற்கென்று வடிவமைத்த புது வண்டிக்குக் கவலை இல்லை. பழைய வண்டியில் ரப்பர் குழாயையும் சீலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்கவே கூடாது.

சரி, பெட்ரோலின் உண்மையான சேர்மானங்கள் எவை? நம் கையாலேயே ஊற்றிய ஒன்று உண்டு: 2டி ஆயில். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயிலுக்குத் தனிக் கிண்ணம் இல்லை, பெட்ரோலோடு போய்த்தான் மசகு ஆக வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவான கணக்கு. டி.வி.எஸ். 50 வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் இது மனப்பாடம்.

பெரிய கதை ஈயத்தினுடையது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். வால்வு உட்காரும் இடத்தின் தேய்மானமும் அதனால் குறைந்தது. இஞ்சினுக்கு அமுதம், ஆனால் புகையில் வந்த ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியா 2000-ல் அதை முழுதாகக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல். இஞ்சினின் ஆயுள் ஒன்றையே பார்த்துச் சேர்மானத்தை எடை போட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பதறுகிறது.

இப்போது முக்கியமானது அழுக்கு நீக்கும் சேர்மானம். என் உள்ளங்கையில் இருந்த கரிக்கும் இதற்கும்தான் தொடர்பு. பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும்போது இது படிவைக் கழுவிக்கொண்டே போகும். 2016-ல் அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சோதித்துப் பார்த்ததில், சேர்மானம் கூடுதலான தரச் சான்று பெட்ரோலைவிட மற்றதில் சராசரியாக 19 மடங்கு படிவு சேர்ந்தது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் புது கார்களில் மட்டும் இந்தக் கழுவல் வால்வுக்குக் கிடைக்காது, இன்ஜெக்டருக்குத்தான்.

ஆக்டேன் எண்ணைப் பலர் தங்கத்தின் மாற்று போல நினைக்கிறார்கள். நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதியில் மாற்று கூடினால் தங்கத்தின் சுத்தம் கூடுகிறது. ஆக்டேன் சுத்தத்தின் அளவு கிடையாது, நாக்கிங்கைத் தாங்கும் திறன் மட்டுமே. 91 போதும் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு 100 ஊற்றுவதால் ஆயுள் நீளாது. 95 கேட்கும் வண்டிக்குக் குறைத்து ஊற்றுவதுதான் தப்பு.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். பாலிஈதர்அமீன் உள்ள நல்ல பாட்டில் படிவை ஓரளவு கரைக்கும். தேய்ந்த ரிங்கை அது வளர்க்காது, இஞ்சின் ஆயில் குடிப்பதையும் நிறுத்தாது. கலப்படம் இல்லாத பெட்ரோல் கிடைத்துவிட்டால் மீதி ஆயுள் இஞ்சின் ஆயிலிலும் ஏர் ஃபில்டரிலும்தான் இருக்கிறது. இதைத்தான் தம்பியிடம் சொன்னேன், கலப்படம் வேறு சேர்மானம் வேறு என்பதையும் சேர்த்து. அவர் வால்வை வாங்கி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“சேர்மானமா? எங்க அப்பத்தா பிள்ளை பெத்தவளுக்கு லேகியம் கிண்டும்போது சொல்லும்ணே. ஒரு சேர்மானம் குறைஞ்சாலும் அடுப்பை அணைச்சிரும்.”