புரொஜெக்டருக்குக் கறுப்பு அடிக்கத் தெரியாது

போன மாதத்தோடு இது மூன்றாவது தடவை, அதனால்தான் எழுதுகிறேன். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (2007இல் பேர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு டேவானில், அதாவது பொது மண்டபத்தில், தோட்டத்து நாடகம். முதல் காட்சி விடியற்காலைப் பால்வெட்டு, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. "அண்ணே, நல்லா இருட்டா ஒரு ரப்பர் காட்டுப் படம் போட்டுடுங்க, மண்டப லைட்ட மட்டும் அணைக்க முடியாது, முன்னால பெரிய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க" என்றார் இயக்குநர் தம்பி.

போட்டேன். காடு எங்கே? வெளுத்த வேட்டி மாதிரி ஒரு சாம்பல் திரைதான் தொங்கியது. 'அதிகாலை' என்ற வெள்ளைத் தலைப்பு மட்டும் தெரிந்தது, அதிலும் 'காலை' வாளியோடு வந்த பெண்ணின் நெற்றியில் விழுந்தது. கூட்டம் சிரித்துவிட்டது. மூன்று மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை, உள்ளே போய் அழுதாள்.

புரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். கறுப்பை வீச ஒரு கருவியும் இன்னும் பிறக்கவில்லை. கைப்பேசியில் பார்க்கும்போது கும்மிருட்டாக இருந்த படம், திரைக்கு வரும்போது 'இங்கே வெளிச்சம் போடாதே' என்கிற கட்டளையாகத்தான் வந்து சேரும். அந்த இடத்தில் உங்கள் ட்யூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவுதான் உங்கள் கறுப்பு. வெள்ளைத் துணியில் ட்யூப்லைட் விழுந்தால் வெள்ளைதானே தெரியும்? இதை நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், ஒத்திகையில் சொல்லியிருக்கிறேன், நடு ராத்திரி வாட்ஸப்பிலும் சொல்லியிருக்கிறேன். மண்டபமே இருட்டாக இருந்தாலும் கறுப்புப் படம் ஓடும்போது லென்ஸிலிருந்து ஒரு மங்கல் சாம்பல் கசியும். லென்ஸை அடைக்கும் ஷட்டர் இருந்தால் மூடுங்கள். இல்லையா, ஒரு பையனிடம் அட்டையைக் கொடுத்து நிறுத்துங்கள், ஆனால் லென்ஸை ஒட்டிப் பிடிக்க விடாதீர்கள், சூடேறும்.

"அப்போ பெரிய லூமனா வாடகைக்கு எடுத்துடலாம்." சரி, கணக்குப் பார்ப்போம், லூமன் என்பது கருவி வீசும் மொத்த வெளிச்சம். 3,500 லூமன் கருவியை வகுப்பறையில் இரண்டரைக்கு இரண்டு மீட்டர் திரையில் போட்டால் சதுர மீட்டருக்கு 700 லூமன், அதைத்தான் 700 லக்ஸ் என்கிறோம். அதையே மேடையில் ஏழுக்கு நான்கு மீட்டருக்கு விரித்தால் 125 மட்டும். காசை லூமனில் கொட்டுவதற்கு முன்னால் கறுப்புத் துணி வாங்கி ஜன்னலை மூடுங்கள். அந்த விடியற்காலைக் காட்சிக்குப் படமே வேண்டாம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டி விடுங்கள், அது போதும். நம் பாட்டிமார் அப்படித்தானே பால்வெட்டப் போனார்கள்?

இன்னொன்று, மனசு கேட்கவில்லை. பால்மரக் கதைக்குச் செம்பனைப் (எண்ணெய்ப் பனை) படம் போடாதீர்கள். அந்தக் காலத்தில் செம்பனையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, பக்கத்திலேயே தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் நட்டாயிற்று. ஆனால் செம்பனை அடியில் பால் வாளியோடு நிற்பதைப் பார்த்தால் முன் வரிசைத் தாத்தாவே எழுந்து கேட்பார். அப்புறம், பழைய குடும்பப் படங்களைத் திரை அகலத்துக்கு இழுக்காதீர்கள், பாட்டி பூசணிக்காய் ஆகிவிடுகிறார்.

நடிகர்களைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். அவர்களுக்கு விளக்கைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள், நேரே முன்னாலிருந்து அடித்தால் திரையும் சேர்ந்து வெளுக்கும். புரொஜெக்டரை உயரத்தில் தொங்கவிட்டால் இரும்புக் கயிறு ஒன்று கூடுதலாகக் கட்டுங்கள், கீழே குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மின்னல் காட்சியில் விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட விடாதீர்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலையும் புரொஜெக்டரையும் ஒரே பிளக்கில் செருகாதீர்கள். மடிக்கணினியில் வாட்ஸப்பை மூடுங்கள், தயவுசெய்து. சாவு வீட்டுக் காட்சியின் நடுவே திரையில் 'குட் மோர்னிங்' ரோஜாப்பூ வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கடைசி இரண்டு நாளில் கூப்பிடாமல், திரைத்துணி வாங்குவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். ஒரு டே தாரேக் போதும், வந்து மண்டபத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு நாடகம். இயக்குநரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ட்யூப்லைட் சுவிட்ச் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று. "விசாரிச்சுச் சொல்றேண்ணே" என்றார். நேற்றும் கேட்டேன். இன்னும் விசாரிக்கிறாராம்.