மண்டபத்தில் போட்ட கையெழுத்து

போன வருடம் ஒரு பெண் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரி முடித்து இரண்டு வருடம். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் "உங்க மேல கேஸ் இருக்கே" என்று சொல்லிவிட்டார்கள். என்ன கேஸ் என்று அவருக்கே தெரியவில்லை. பேசப் பேசத்தான் நினைவு வந்தது: கட்டண உயர்வைக் கண்டித்து வகுப்புத் தோழர்களோடு உட்கார்ந்தது, வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தது, மதியம் தக்காளி சாதப் பொட்டலம், ஒரு தாளில் பெயர், அப்பா பெயர், விலாசம், கையெழுத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தத் தாளில் இருந்த பெயர்கள் அப்படியே எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தன.

பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் அரசியலமைப்பின் 19(1) தருகிறது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு 19(2), 19(3) இடம் கொடுக்கின்றன. நான் பார்த்தவரை, மாணவர்கள் சிக்குவது கோஷத்தால் அல்ல, சாலையால். போலீஸிடம் அனுமதி கேட்கும் மனுவில் 'ஆர்ப்பாட்டம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டம் சேர்ந்த வேகத்தில் நடைபாதையிலிருந்து இறங்கி ரோட்டில் உட்கார்ந்தால் அது மறியல். இந்த ஒரு விஷயத்தை ஒருங்கிணைப்பாளர்கள் முன்னாடியே எல்லோரிடமும் பேசி வைக்க வேண்டும்.

சென்னையில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஐந்து நாளைக்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அனுமதி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், தயங்காதீர்கள். "வேணாம்பா, போயிடுங்க" என்ற வாய்வார்த்தையை வைத்து உயர் நீதிமன்றத்தில் வாதாடுவது கஷ்டம். எழுத்தில் வந்த காரணம் நியாயமானதா என்று நீதிபதியைப் பார்க்கச் சொல்லலாம்.

2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமைதியாகக் கூடிக் கண்டனம் தெரிவித்ததையே சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. தடை உத்தரவை மீறியதாக அப்போதைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்; 2024-இல் பாரதிய நியாய சன்ஹிதா அதன் இடத்துக்கு வந்துவிட்டது) 188-இல் போலீஸே எஃப்.ஐ.ஆர். போடவும் முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வழக்கையும் இதைக் காட்டித்தான் ரத்து செய்ய வைத்தோம். அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. வெளிநாட்டில் கிடைத்திருந்த படிப்பு போய்விட்டது.

மண்டபத்திலிருந்து வெளியே வந்த மறுநாளே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம்.